நண்டுக்கு இன்னொரு கதவு

"இந்த வண்டிக்கு இன்னொரு கதவு வேணும், சார்!"

கூடாரத்துக்குள் பேச்சு சட்டென்று அறுந்தது. வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையை ஒருவர் திரும்பவும் மேசையில் வைத்தார். 

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று இசக்கியம்மாளுக்குப் பல தடவை சொல்லியாகிவிட்டது. அலுவலக வராந்தாவில் நிறுத்திச் சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அன்று காலை, கூடாரத்துக்குள் நுழையும் முன், நிறுவனத் தலைவர் கேசவராமனே அவள் பக்கம் குனிந்து, "தேர்வுக் குழு வந்திருக்கு. கதவுங்கற வார்த்தையே இன்னைக்கு உன் வாயிலேர்ந்து வரக் கூடாது, புரியுதா?" என்றார். அவளும் தலையாட்டினாள். தலையாட்டினாளே தவிர, ஒத்துக்கொள்ளவில்லை.

வெளியே, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டின் சிவப்பு மணலில், அந்த வண்டி வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. செவ்வாய்க் கிரகத்தில் மூன்று மனிதர்களை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து திரிவதற்கென்றே செய்த வண்டி. ஏட்டில் அதன் பெயர் செம்பயணி. அதற்கு ஆறு கால்கள். காலுக்கு ஒரு சக்கரம். ஒவ்வொரு காலையும் தனியாகத் தூக்கலாம், இறக்கலாம், பக்கவாட்டில் நடக்கவும் விடலாம். அதனால் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அது நண்டு. அந்த ஆறு கால்களையும் வரைந்தவள் இசக்கி. அதை எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் கால்களுக்கு மேலே இருந்த கூண்டுக்கு ஒரே ஒரு கதவு, அதுவும் பின்னால். அதைப் பற்றி அவள் வாயைத் திறந்தால் மட்டும் எல்லோர் முகமும் கறுத்துப்போகும்.

தேர்வுக் குழுத் தலைவி சௌதாமினி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "ஏன் வேணும்?"

"பின்பக்கம் மணல்லயோ பாறையிலயோ மாட்டிக்கிட்டா உள்ள இருக்கிறவங்க வெளிய வர வழியே இல்ல, மேடம். கூப்பிட்டா ஓடி வர அங்க பக்கத்து வீடா இருக்கு?"

கேசவராமன் பெரிதாகச் சிரித்தார். "இன்னொரு கதவுன்னா எவ்வளவு எடை கூடும், தெரியுமா? அந்த எடைக்குச் சாப்பாடு கொண்டுபோகலாம், தண்ணி கொண்டுபோகலாம். ஒரு வீட்டுக்கு எத்தனை வாசல் வைப்பாங்க?"

"எங்க உப்பளத்துக் குடிசைக்கே ரெண்டு வாசல், சார்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். தலைவரின் காது மடல் சிவந்தது.

"மேடம், இது வடிவமைப்புப் பிரச்சினை இல்ல. தமிழ் மீடியம் கோபம்," என்றார் அவர். "பயமா இருந்தா பயம்னு சொல்லு, இசக்கி. அதுக்குக் கதவை ஏன் இழுக்கிற?"

இசக்கிக்கு உள்ளங்காலில் இருந்து சூடு ஏறியது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வாயைத் திறக்காதே, வேலை போய்விடும் என்று அம்மா தொலைபேசியில் தினமும் சொல்வாள். நான்கு வருடம் கல்லூரியிலும் மூன்று வருடம் இங்கேயும் அவள் முழுங்கியதையெல்லாம் சேர்த்தால் இந்த நண்டையே நிரப்பலாம். இனிமேல் முழுங்க இடமில்லை!

"பயம்னு யார் சொன்னா? என்னையும் ஏத்துங்க. இன்னைக்கு நான் போறேன்."

கேசவராமன் இதைத்தான் எதிர்பார்த்தவர்போல் உடனே பிடித்துக்கொண்டார். "நல்லது. மூணாவது இருக்கை உனக்கு. தேரிக்குள்ள ஒரு மஞ்சள் உருளையை மறுபக்கத்து ரோடு வழியா நானே கொண்டுபோய் வச்சிருக்கேன். வரைபடம் தர்றேன். பொழுது சாயறதுக்குள்ள அதை எடுத்துட்டு, கதவைத் திறக்காம, திரும்பி வந்து சேரு. அதுக்கப்புறம் இந்தப் பேச்சு கூடாது."

"உருளை வரலைன்னா?"

அதற்குச் சௌதாமினி பதில் சொன்னார். "உருளை வந்தால் வண்டி தேறிவிட்டது. இப்படியே, இதே கூண்டோடு, செவ்வாய்க்குப் போகும். வராவிட்டால் தேறவில்லை. வடிவமைப்பு முழுக்க மறுபடியும் மேசைக்கு வரும். அதுதான் விதி."

"சரி, மேடம்," என்றாள் இசக்கி. வரைபடத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

நண்டை ஓட்டுகிறவர் கிங்ஸ்லி மச்சாது. தூத்துக்குடிக்காரர், நாற்பது வயது. சரக்கு லாரியில் தொடங்கி, சுரங்க வண்டி, பாலைவன வண்டி என்று சக்கரம் உள்ள எதையும் விடாதவர். இன்னொருத்தி நில ஆய்வாளர் ருக்கையா. காயல்பட்டினம். கல்லைக் கையில் எடுத்தால் உலகத்தையே மறந்துவிடுவாள்.

"எம்மா இசக்கி, கூடாரத்துக்குள்ள என்னத்தைக் கொளுத்திப் போட்ட? சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே!" என்றார் கிங்ஸ்லி, இருக்கை வாரை மாட்டிக்கொண்டே.

"கதவு கேட்டேன், அண்ணே."

"கேட்டுட்டியா! நாசமாப் போச்சு. வா, ஏறு."

பின்கதவு புஸ்ஸென்று மூடிக்கொண்டது. தாழ்கள் விழுந்தன. இனி உள்ளே இருக்கும் காற்றுதான் காற்று. நண்டு ஆறு கால்களையும் விரித்து, சிவப்பு மேட்டின்மேல் ஏறத் தொடங்கியது.

ஆனி மாதக் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. தேரி முழுக்கப் புகைபோலச் செம்மணல் ஊர்ந்தது. அங்கங்கே முழங்கால்வரை மணலில் புதைந்த பனைகளும், கொல்லாமரம் என்கிற முந்திரிகளும் தெரிந்தன. அவற்றை மறந்துவிட்டுப் பார்த்தால் இது வேறு கிரகம்தான்!

"இடது பக்கம் மணல் கெட்டியா இருக்கு. அப்படியே ஓரமாப் போங்க," என்று ருக்கையா வழி சொன்னாள். அவள் உதடு காய்ந்திருந்ததை இசக்கி கவனித்தாள்.

"ருக்கையாக்கா, தண்ணி குடிச்சியளா?"

"வேண்டாம்."

"காலையில இருந்தா?"

ருக்கையா பின்னால் கண்ணைக் காட்டினாள். ஓட்டுநர் இருக்கைக்குக் கைநீட்டும் தூரத்தில் ஒரு கழிப்பறை. அதற்குக் கதவு இல்லை, ஒரு திரை. அந்தத் திரையும் முழங்காலுக்குமேல் நின்றுவிட்டது. கூரையில் ஒரு கேமரா, உள்ளே நடப்பதையெல்லாம் கூடாரத்துப் பெரிய திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"அங்க இருபது ஆம்பளைங்க உக்காந்து பாக்காங்க. குடிச்சா போகணும்லா? அதான் குடிக்கல."

"இதையும் நான் எழுதிக் கேட்டேன். திரைய ஒரு சாண் கூட்டுங்கன்னு. ஒரு சாண்! அதுக்கும் எடைக்கணக்கு சொன்னாங்க," என்றாள் இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்ப அதைப் பேசிட்டு இருக்காதிய, ரெண்டு பேரும். முன்னால மேடு வருது!" என்றார் கிங்ஸ்லி.

வரைபடத்தில் அந்த இடத்தில் மேடே இல்லை! அது சித்திரையில் வானத்திலிருந்து எடுத்த படம். அப்போது அங்கே சமதரை. அதற்குப் பிறகு ஆனிக்காற்று ஒரு மலையளவு மணலைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டிருந்தது. சென்னையில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்குத் தேரி நடக்கும் என்று தெரியவில்லை.

"சுத்திப் போவோமா?" என்றாள் இசக்கி.

"சுத்துனா பொழுது போயிரும். நம்ம நண்டு ஏறிரும்மா, பாரு!"

நண்டு ஏறத்தான் செய்தது. முன்கால்கள் உச்சியைத் தொட்டன. கிங்ஸ்லி வெற்றிச் சத்தம் போட வாயைத் திறந்தார். அதற்குள் அடியில் இருந்த மணல் மொத்தமும் வழுக்கிக்கொண்டு இறங்கியது!

"பிடிச்சுக்கோங்க!"

வண்டி பின்னோக்கிச் சறுக்கியது. மூக்கு மேலே, வால் கீழே. பாத்திரங்கள் பறந்தன. ருக்கையாவின் கற்பெட்டி உருண்டு கதவில் மோதியது. தடாலென்று ஓர் அதிர்ச்சி. வண்டி நின்றது. மேலிருந்து சரிந்த மணல் சரசரவென்று கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

இசக்கி தட்டுத்தடுமாறிப் பின்னால் போய்க் கதவின் சிறு கண்ணாடியைப் பார்த்தாள். சிவப்பு. முழுக்கச் சிவப்பு. கைப்பிடியை அழுத்தினாள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு. ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

"அண்ணே, கதவு போச்சு."

கிங்ஸ்லி முன்கண்ணாடியை உதைத்துப் பார்த்தார். விண்கல் பட்டாலும் உடையாத கண்ணாடி அது. கால்தான் வலித்தது. அப்போதுதான் குளிர்காற்றின் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொட்டுகிற தகடு கதவுக்கு மேலே, பின்பக்கம் இருந்தது. அதுவும் இப்போது மணலுக்குள்!

வெயில் உச்சியில் நின்றது. இரும்புக் கூண்டு அடுப்பில் ஏற்றிய சட்டியைப்போலக் காயத் தொடங்கியது.

இசக்கி ஒலிவாங்கியை எடுத்தாள். "கூடாரம்! வண்டி மணல்ல புதைஞ்சிருச்சு. கதவு திறக்கல. குளிரூட்டி நின்னுபோச்சு. ஜீப்பும் மண்வெட்டியும் அனுப்புங்க. இது ஒத்திகை இல்ல!"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருக்கத்தான் வேண்டும். செவ்வாயிலிருந்து பேச்சு வந்து சேர நேரமாகும் என்பதால், இங்கேயும் ஒவ்வொரு பேச்சையும் பத்து நிமிடம் பிடித்து வைத்துத்தான் கருவி அனுப்பும். பதிலுக்கும் அதே பத்து நிமிடம்.

கிங்ஸ்லியும் தன் பங்குக்குக் கத்தினார். "சார், பனிமய மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன், நிஜமாவே மாட்டிக்கிட்டோம்!"

ருக்கையாவுக்கு வியர்வை நின்றுவிட்டது. முகம் சிவந்து, கண் செருகியது. "தலை சுத்துது," என்றவள் அப்படியே இசக்கியின் தோளில் சாய்ந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இசக்கி அவளைத் தரையில் படுக்கவைத்து, குடிதண்ணீரை நெற்றியிலும் கழுத்திலும் ஊற்றினாள். வரைபடத்தால் விசிறினாள். வாயில் ஒரு மடக்கு ஊற்றினால் பாதி வழிந்தது.

பதில் வந்தது. கேசவராமனின் குரல். சிரிப்பு கலந்த குரல்!

"பிரமாதம்! கிங்ஸ்லி மாதாவையெல்லாம் இழுத்துட்டாரே! ருக்கையா மயக்கம் ரொம்ப இயல்பா இருக்கு. இசக்கி, காலையில கதவு கேட்ட, மத்தியானம் கதவு மாட்டிக்கிச்சா? நாடகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் நம்பறதா இல்ல. பயணத்தைத் தொடருங்க."

இசக்கி விசிறுவதை நிறுத்திவிட்டு ஒலிவாங்கியை முறைத்தாள்.

இந்த நிறுவனத்துக்கென்றே ஒரு பழக்கம் இருந்தது. ஒத்திகைகளில் பொய் விபத்து வைப்பார்கள். "இது ஒத்திகை இல்லை" என்று கதறுவதும் அந்தப் பொய்யில் ஒரு பகுதி. கூடாரத்தில் இருப்பவர்கள் பதறுகிறார்களா என்று சோதிப்பதற்காம்! போன ஒத்திகையில் அதை நம்பி ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடிய ஒரு பொறியாளரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கைதட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கு இசக்கியும் கைதட்டினாள். அதற்குப் பிறகு எந்தக் கதறலுக்கும் யாரும் எழுந்திருப்பதில்லை.

"சிரிக்கான் பாரு! ஒரு பொம்பளை சாகக் கெடக்கா, சிரிக்கான்!" என்று கிங்ஸ்லி ஸ்டியரிங்கைக் குத்தினார்.

இசக்கி ஒலிவாங்கியைத் தூக்கி எறிந்தாள். "யாரும் வர மாட்டாங்க, அண்ணே. நாமதான் வெளிய போகணும்."

"எப்படிம்மா? சக்கரம் சுத்துனா இன்னும் உள்ளதான் இறங்கும்."

"சுத்த வேண்டாம். நடக்க வைப்போம்."

"என்னது?"

"நண்டு எப்படி மணலுக்குள்ள இருந்து மேல வரும்? ஓடியா வருது? காலை ஒண்ணொண்ணாத் தூக்கி வைக்கும். நடுக்கால் ரெண்டும் பாதிதான் புதைஞ்சிருக்கு. ஒரு காலைத் தூக்குவோம். சரிவுல இருக்கிற மணல் தானா அந்தக் குழியில ஒழுகும். நிரம்புனதும் அதுமேல காலை அமுக்குவோம். வண்டி ஒரு விரக்கடை மேல வரும். அப்புறம் அடுத்த கால்."

கிங்ஸ்லி கண்ணை விரித்தார். "நம்மள மூடுன மணலை வச்சே நாம ஏறணும்ங்கியா?"

"ஆமா!"

"அடி சக்க! சொல்லு, எந்தக் கால்?"

"இடது நடு. தூக்குங்க!"

மோட்டார் முனகியது. கால் மெல்ல எழுந்தது. வெளியே மணல் சலசலவென்று ஒழுகும் சத்தம் கேட்டது.

"இருங்க... இருங்க... இப்ப அமுக்குங்க!"

கூண்டு கிர்ரென்று ஒரு பக்கம் உயர்ந்தது. ஒரு விரக்கடை! கிங்ஸ்லி ஊளையிட்டார். வலது நடு. மறுபடி இடது. பின்கால்கள் முழுக்கப் புதைந்திருந்தன. அவற்றைத் தூக்க முடியாது. இருந்த இடத்திலேயே மேலும் கீழுமாக நடுங்க விட்டார்கள். நடுங்க நடுங்க, மணல் அடியில் புகுந்து அவையும் மேலே வந்தன. தூக்கு, நிறுத்து, அமுக்கு. தூக்கு, நிறுத்து, அமுக்கு. உள்ளே காற்று கொதித்தது. இசக்கியின் கண்ணில் வியர்வை வழிந்து எரிந்தது. நடுவில் ஓடிப்போய் ருக்கையாவின் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு ஓடி வந்தாள்.

திடீரென்று ஆறு கால்களும் ஒரேயடியாக நின்றன. திரையில் சிவப்பு விளக்கு: மோட்டார் சூடு.

"ஆறட்டும்னு நிக்குது," என்றார் கிங்ஸ்லி. "எவ்வளவு நேரம் ஆகும்?"

"ருக்கையாக்காவுக்கு அவ்வளவு நேரம் இல்ல." இசக்கி தரைத்தட்டைப் பெயர்த்து, கையை உள்ளே விட்டாள். சூடு கூடினால் கால் தானாக நிற்க வேண்டும் என்று அந்தப் பாதுகாப்பை வைத்தவளே அவள்தான். அதற்குப் போன இணைப்பை இழுத்துப் பிடுங்கினாள். விரல் பொத்துப்போனது. "இப்ப ஓட்டுங்க!"

"எரிஞ்சிரும்மா!"

"எரியட்டும்! ஆறு கால் இருக்குல்லா? அஞ்சுல நடப்போம்!"

எரியத்தான் செய்தது. வலது பின்கால் கடகடவென்று கத்திவிட்டு அடங்கியது. ஆனால் அதற்குள் கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்திருந்தது! "ருக்கையாக்கா, வெளிச்சம்! பாருங்க, வெளிச்சம்!" என்று இசக்கி அலறினாள். இன்னும் இரண்டு தூக்கல். குளிரூட்டித் தகட்டிலிருந்து மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னும் ஒன்று. விசிறி இருமிக்கொண்டு சுழன்றது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது!

நண்டு ஐந்து கால்களால் பக்கவாட்டில் நொண்டி நொண்டிச் சரிவைக் கடந்து, கெட்டித் தரையில் வந்து நின்றது.

இசக்கி தன் துப்பட்டாவை எடுத்துக் கேமராமேல் வீசினாள். அது தொங்கிக் கண்ணை மூடியது. பிறகு ருக்கையாவின் தலையை மடியில் வைத்து, "இப்ப யாரும் பாக்கல. குடிங்க," என்றாள். ருக்கையா குடித்தாள். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. பிறகு பாட்டிலைப் பிடுங்கி மளமளவென்று குடித்தாள்.

"எம்மா! அங்ஙன பாரு!" என்றார் கிங்ஸ்லி.

முன்கண்ணாடிக்கு அப்பால், ஒரு கொல்லாமரத்தடியில், மஞ்சள் உருளை வெயிலில் மின்னியது!

கிங்ஸ்லி கைதட்டினார். "எடு, எடு! பொழுது இன்னும் கெடக்கு. ஜெயிச்சாச்சு!"

இசக்கி இயந்திரக் கையை நீட்டினாள். மூன்று விரல்களும் உருளையைக் கவ்வின. தூக்கினாள். அவ்வளவுதான்! இதை வண்டியில் வைத்துத் திரும்பினால் வேலை முடிந்தது. கைதட்டுவார்கள். படம் எடுப்பார்கள்.

அவள் கை அப்படியே நின்றது.

"என்னம்மா நிக்க?"

"அண்ணே, இதைக் கொண்டுபோய்க் குடுத்தா அந்தாளு என்ன சொல்வாரு?"

"என்ன சொல்வாரு? வண்டி தேறிருச்சும்பாரு."

"ஒரே கதவு போதும்பாரு. மணல்ல புதைஞ்சும் கதவைத் திறக்காமலே வந்துட்டாங்க பாருங்கன்னு நம்மளையே சாட்சிக்கு இழுப்பாரு. நாம சாகாததுதான் அவருக்குச் சாட்சி! இங்க சரிவு மணல் ஒழுகுச்சு, தப்பிச்சோம். அங்க பாறை இடுக்குல மாட்டுனா எது ஒழுகும்? இந்தக் கூண்டுல மூணு பேர் செத்துக் கெடப்பாங்க. அப்ப வந்து எடைக்கணக்கு சொல்வாரு."

கிங்ஸ்லியின் முகம் வாடியது. "நீ சொல்லுறது புரியுது. ஆனா எம் பங்கையும் நெனைச்சுப் பாரு. நான் ஓட்டுன எந்த வண்டியும் இதுவரை பேர் வாங்குனது இல்ல. இது செவ்வாய்க்குப் போனா, முதல்ல ஓட்டுனவன் கிங்ஸ்லின்னு இருக்கும். அதைக் கையில புடிச்சிட்டு விடச் சொல்லுற."

இயந்திரக் கை கவ்வியிருந்த உருளையை இசக்கி பார்த்தாள். அவளுக்கும்தான் அது வேண்டும். அவள் கால்கள் வேறொரு கிரகத்தில் நடக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்!

"வை," என்றது ஒரு கரகரத்த குரல். ருக்கையா படுத்தபடியே சொன்னாள். "உள்ள வெந்தது நான். கீழ வை."

கிங்ஸ்லி அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். "வச்சுத் தொலை."

இசக்கி விரல்களைத் திறந்தாள். உருளை மணலில் விழுந்து, அரைச்சுற்று உருண்டு நின்றது. நண்டு திரும்பியது.

கூடாரத்தை நெருங்கும்போதே கைதட்டல் கேட்டது. கதவு திறந்ததும் இரண்டு பேர் ருக்கையாவைத் தாங்கி ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் உடம்பைத் தொட்ட பிறகுதான் அவர்களுக்கு முகம் வெளுத்தது. ஜீப் சீறிக்கொண்டு கிளம்பியது.

கேசவராமன் அதைப் பார்க்கவில்லை. அவர் சௌதாமினியிடம் வண்டியின் கருவிப் பதிவைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா, மேடம்! நிஜமாவே புதைஞ்சிருக்கு! வண்டி தானே நடந்து வெளிய வந்திருக்கு! ஒரே கதவு, அதைக்கூடத் திறக்கல! இதுக்கு மேல என்ன சோதனை வேணும்?" இசக்கி உள்ளே வந்ததும் இரு கைகளையும் விரித்தார். "வா, வா! அற்புதமான கால்கள்! எங்க உருளை?"

"இருந்த இடத்துல இருக்கு."

"எங்க இருந்த இடத்துல?"

"கொல்லாமரத்தடியில. நீங்க வச்ச இடத்துல."

கேசவராமனின் விரித்த கைகள் இறங்கின.

"கண்டுபிடிக்க முடியலையா?" என்று கேட்டார் சௌதாமினி.

"கண்டுபிடிச்சேன், மேடம். எடுத்தேன். வேணும்னே திரும்ப வச்சிட்டேன். அது வந்தா வண்டி இப்படியே போகும்னு நீங்கதான் சொன்னீங்க. இப்படியே போகக் கூடாது."

"இது கேட்கும் முறை இல்லை, தெரியுமா?"

"முறையாத்தான் கேட்டேன், மேடம். காலையில, இதே இடத்துல. சிரிச்சாங்க."

சௌதாமினி நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். "பொழுது இன்னும் சாயவில்லை," என்றார் மெதுவாக. "சாயும்வரை காத்திருப்பதுதான் விதி."

கேசவராமன் பாய்ந்து வந்து இசக்கியை ஓரமாக இழுத்தார். குரல் குழைந்தது. "நேரம் இருக்கு, இசக்கி. போய் எடுத்துட்டு வந்துடு. அடுத்த வண்டிக்கு நீதான் தலைமை வடிவமைப்பாளர். உன் பேர் முதல்ல வரும். ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்துக்கலாம்."

"ருக்கையாக்காவுக்கு நடந்துச்சு, சார்."

"சரி, நீ வேண்டாம். கிங்ஸ்லி! நீ போய் எடுத்துட்டு வா!"

வாசலில் சட்டையை உதறிக்கொண்டிருந்த கிங்ஸ்லி நிமிரவே இல்லை. "ரெண்டு கதவு வைங்க, சார். ஓட்டுதேன்."

கேசவராமனின் குழைவு மறைந்தது. "இந்தக் கூடாரத்தை விட்டு இப்ப வெளிய போனா, இந்தத் துறையில வேற எவனும் உன்னை வாசல்லகூட நிறுத்த மாட்டான். யோசிச்சுக்கோ."

யோசிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அம்மாவுக்கு என்ன சொல்வது என்பது மட்டும்தான் பாக்கி. அதைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். இசக்கி தன் பையைத் தோளில் மாட்டினாள். பொத்துப்போன விரல் சுரீரென்றது.

"அண்ணே, ருக்கையாக்காவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க?"

"திருச்செந்தூருக்கு."

"சரி," என்று சொல்லிவிட்டு, பஸ் வரும் ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள் இசக்கி.